களக்காட்டில் மட்டும் சார்ஜ் ஏறும்

போன மாதம் பாதி நாள் நான் களக்காடு பஸ்ஸில்தான் குடியிருந்தேன். லீவு மேல் லீவு. பொறுக்க முடியாமல் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

"என்னவே, களக்காட்டுல வாழத்தோட்டம் ஏதும் வாங்கிப் போட்டிருக்கீரா?"

"இல்ல சார்... சார்ஜ் போடப் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்ப்பீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மச்சினன் நமச்சிவாயம் - வீட்டில் நமசு - சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். என் மாமியார் திருநெல்வேலி டவுணில் எங்களோடுதான் இருக்கிறார். "வயசு ஏறிக்கிட்டே போவுது, வந்து ஒரு பொண்ணப் பாருல" என்று போன் மேல் போன் போட்டு மகனை வரவழைத்தார். வந்தவன் தோளில் ஒரு கறுப்புப் பை. பைக்குள் ஒரு லேப்டாப்.

லேப்டாப் பார்த்திருக்கிறீர்களா? மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற கம்ப்யூட்டர். மூடினால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது. திறந்தால் உள்ளே டிவி. பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். தீர்ந்தால் ஒயரைச் சொருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒயருக்கு நடுவில் செங்கல் கனத்துக்கு ஒரு கறுப்பு டப்பா வேறு. சார்ஜ் ஏறுகிறது என்பதற்கு அடையாளமாக லேப்டாப்பின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு லைட் எரியும்.

எரிய வேண்டும். எங்கள் வீட்டில் எரியவில்லை!

எரியவே இல்லை என்றாலும் நிம்மதி. எரியும்... எல்லாரும் "அப்பாடா" என்போம்... அணைந்துவிடும். அந்த 'அப்பாடா'வுக்காகவே காத்திருந்த மாதிரி.

நமசு வெலவெலத்துப் போனான். கையில் இருக்கும் ஒரு புரோகிராமை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லித்தான் லீவே வாங்கியிருந்தான். முடிக்காமல் போனால், திரும்பிப் போய் உட்கார நாற்காலி இருக்குமா என்பது சந்தேகம்.

"நீயே கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தானப்பா, என்ன கோளாறுன்னு பாரேன்" என்றேன்.

"நான் சாஃப்ட்வேர் அத்தான். இது ஹார்ட்வேர்."

அவ்வளவுதான் பேசினான். அவனுக்கு அதுவே ஒரு சொற்பொழிவு. அம்மா முன்னால் என்றால் அதுவும் கிடையாது. தலையை மட்டும் ஆட்டுவான். அது ஆமாவா இல்லையா என்பதை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகென்ன... வீடு ஆஸ்பத்திரி ஆயிற்று. ஆளுக்கொரு வைத்தியம்.

என் மனைவி சிவகாமி, "வோல்டேஜ் பத்தல. சாயங்காலம் ட்யூப் லைட்டே கண்ணச் சிமிட்டிக்கிட்டுத்தான எரியுது" என்றாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஸ்டெபிலைசரைக் கழற்றி லேப்டாப்புக்கு மாட்டினோம். லேப்டாப் தேறவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்தது.

சிங்கப்பூர் பிளக்குக்குப் பட்டைக் கால்கள். நம் ஊர் சுவிட்ச் போர்டில் வட்ட ஓட்டைகள். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு கன்வெர்ட்டர் மாட்டியிருந்தது. அதுதான் குற்றவாளி என்று நான் தீர்மானித்தேன். ரத வீதியில் எலெக்ட்ரிக் கடை அண்ணாச்சியிடம் லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு போனோம். அவர் ஒயரைக் கையில் தூக்கிப் பிடித்தபோது லைட் எரிந்தது. மேஜையில் வைத்தார் - அணைந்தது. மறுபடி தூக்கினார் - எரிந்தது. புதுக் கன்வெர்ட்டர் மாட்டியும் அதே கதை.

"வே, இது சிங்கப்பூர் கரண்டு குடிச்சி வளந்த சாமான். நம்ம ஊருக் கரண்டு அதுக்கு ஒத்துக்கிடல. கொஞ்ச நாள் பழகுனா சரியாப் போவும்" என்றார்.

கடைசியாக என் மாமியார் களத்தில் இறங்கினார்.

"சிங்கப்பூர்ப் பொட்டி வந்திருக்குன்னு தெருவே வந்து பாத்துட்டுப் போச்சில்லா? கண்ணுதான்."

உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். மிளகாய் விதை உள்ளே விழுந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் நமசு லேப்டாப்பையும் ஒயரையும் சேர்த்து அள்ளித் தூக்கினான். மாமியார் ஒரு சுற்று சுற்றினார். பளிச்சென்று லைட் எரிந்தது!

மாமியார் எங்களை ஒரு பார்வை பார்த்தாரே... அந்தப் பார்வையில் இருந்த வோல்டேஜுக்குத் தெருவுக்கே சார்ஜ் ஏற்றியிருக்கலாம். நமசு லேப்டாப்பைக் கீழே வைத்தான். லைட் அணைந்தது. "எதுக்குல கொண்டுபோயி எறக்குன?" என்று திட்டும் அவனுக்கே விழுந்தது.

இந்த நிலைமையில்தான் களக்காட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண் பெயர் காந்திமதி. அங்கேயே ஒரு ஹையர் செகண்டரி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அப்பா ஆறுமுகம் அண்ணாச்சி தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது வாழை போட்டிருக்கிறார். ஒரே மகள்.

நமசு பையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். வீட்டில் விட்டுவைத்தால் யாராவது வைத்தியம் பார்த்துவிடுவார்கள் என்ற பயம்.

"அது என்ன தம்பி, மருந்துப் பெட்டியா?" என்று கேட்டார் ஆறுமுகம் அண்ணாச்சி.

நமசு தலையை ஆட்டினான். நான்தான் விவரம் சொன்னேன். சார்ஜ் ஏறாத சோகத்தையும் சேர்த்து.

"அதுக்கென்ன, இங்கன ஒரு தடவ போட்டுப் பாருங்களேன். எங்க ஊர்ல கரண்டு நல்லா இருக்கும்."

சுவரில் தலை உயரத்துக்கு மேல் சுவிட்ச் போர்டு. ஜன்னல் மேலிருந்த சிலாப்பில் அந்தக் கறுப்பு டப்பாவை வைத்தார்கள். கீழே மேஜையில் லேப்டாப். ஆறுமுகம் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்தது. "அப்பாடா" சொல்ல எல்லாருக்கும் பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். எரிந்துகொண்டே இருந்தது!

இந்த நேரம் பார்த்துப் பெண் காபியோடு வந்தாள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் லேப்டாப் ஓரத்தில்.

காந்திமதி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நமசுவிடம், "இது எத்தன வோல்ட் எடுக்கும்?" என்று கேட்டாள்.

நமசு வாயைத் திறந்தான், மூடினான், டப்பாவைக் கைகாட்டினான். அவள் எட்டி எடுத்து, பின்னால் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நூறுல இருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும் எடுக்குமாம். வோல்டேஜ் கொறஞ்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது. கோளாறு வேற எங்கனயோ இருக்கு."

டப்பாவைத் திரும்பச் சிலாப்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிவகாமிக்கு அப்போதே பெண்ணைப் பிடித்துவிட்டது. மாமியாருக்கு அப்போதே பிடிக்காமல் போய்விட்டது.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல வோல்டேஜ் கேக்கா! வாய் ரொம்ப இருக்கும் போலருக்கு. அம்பாசமுத்திரத்துல ஒரு எடம் இருக்குல்லா, அதையும் பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார், திரும்பி வரும்போது பஸ்ஸில்.

நமசு தலையை ஆட்டினான்.

இரண்டு நாளில் களக்காட்டுச் சார்ஜ் தீர்ந்தது. டவுணில் மறுபடியும் அதே கண்ணாமூச்சி. நமசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லச் சொன்னான்.

"அத்தான்... களக்காட்டுக்குப் போயிட்டு வருவோமா? சார்ஜ் போட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்த்துவிட்டு வந்த வீடு. இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வாசலில் போய் "கொஞ்சம் கரண்டு தாங்க" என்று நிற்பதா? உலகத்தில் யாராவது செய்வார்களா? ஆனால் வேலை போய்விடுமே என்று தவித்த அவன் முகத்தைப் பார்த்தால்... போனோம். மாமியாரிடம் 'சேரன்மாதேவியில் ஒரு ஃப்ரெண்ட் வீடு' என்று சொல்லி வைத்தான். களக்காடு பஸ்ஸும் சேரன்மாதேவி வழியாகத்தானே போகிறது!

ஆறுமுகம் அண்ணாச்சி வாசலிலேயே பதறிவிட்டார். "வாங்க வாங்க... பதில் சொல்ல வந்திருக்கீயளா?"

"இல்ல அண்ணாச்சி. சார்ஜ் போட."

அந்த மனிதர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கடைசியில் ஜெயித்தது உபசாரம்தான். நமசுவை மேஜை முன்னால் உட்காரவைத்துவிட்டு, என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாழை வாழையாகக் காட்டினார். நாங்கள் திரும்பியபோது பள்ளிக்கூடம் விட்டுக் காந்திமதி வந்திருந்தாள். அவளுடைய அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னவோ சொன்னாள். நமசு சிரித்தான்.

நமசு சிரித்தான்! எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் கேட்டேன். "கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

"ம்... இன்னும் பாக்கணும் அத்தான்."

பார்க்கப் போனோம். மறுபடி பார்க்கப் போனோம். ஆறுமுகம் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். எங்கள் வீட்டில் பழம் சேர்ந்துகொண்டே போயிற்று. "அந்தச் சேரன்மாதேவிப் பையன் வீட்ல கரண்டோட பழமும் குடுக்காவளோ?" என்று மாமியார் கேட்க ஆரம்பித்தார். நமசு தலையை ஆட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழம் இல்லை. நமசு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாமியாரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மதினி, தப்பா நெனைக்கக் கூடாது. தம்பி வருததுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. கரண்டு என்ன பெரிய கரண்டு... ஆனா எதுத்த வீட்ல கேக்காவ, பக்கத்து வீட்ல கேக்காவ. 'பாத்துட்டுப் போனவிய பதிலே சொல்லலயாமே, அந்தப் பையன் மட்டும் வாறதும் போறதுமா இருக்கானே, அவன் மாப்பிளையா லைன்மேனா'ன்னு கேக்காவ."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நாங்குநேரியில இருந்து ஒரு எடம் வாறதா இருந்தது. 'உங்களுக்குத்தான் முடிஞ்சி போச்சாமே'ன்னு நின்னுட்டாவ. எனக்கு இருக்கது ஒரே பொண்ணு. நாளைக்கு ஒரு பேச்சுன்னா அது உங்க பையனுக்கு வராது, என் பொண்ணுக்குத்தான் வரும். வேணும்னா வேணும்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க மதினி."

"களக்காட்டுக்கா?" என்றார் மாமியார். "சேரன்மாதேவிக்குல்லா போறான்னு சொன்னான்?"

கேட்டது அவரிடம். பார்த்தது என்னை.

நல்லவேளையாகச் சிவகாமி காபி கொண்டுவந்தாள். மேஜையில் டம்ளர் வைக்க இடமில்லை. லேப்டாப் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வழக்கம்போலச் சொருகிக் கிடந்தது. வழக்கம்போல லைட் எரியவில்லை. வழியில் கிடந்த கறுப்பு டப்பாவைத் தூக்கி, பக்கத்து அலமாரி மேல் வைத்தாள்.

லைட் எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது. "எரியுதே!" என்றார் ஆறுமுகம் அண்ணாச்சி. மூன்று வாரமாக நாங்கள் தவம் கிடந்த லைட்... சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் நமசு, தோளில் ஈரத்துண்டோடு உள்ளே நுழைந்தான். வாசலிலிருந்து வந்தவனுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த லைட்தான். கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நேரே வந்தான். அலமாரி மேலிருந்த டப்பாவை எடுத்து மேஜைக்குக் கீழே தொங்கவிட்டான். லைட் அணைந்தது. திருப்தியாகத் திரும்பினான்.

எதிரே நாங்கள் நான்கு பேர்.

"ஏல" என்றார் மாமியார். "எரிஞ்ச லைட்ட எதுக்குல அமத்துன?"

நமசு தலையை ஆட்டப் போனான். இந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாது என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது போல.

"ஒயர்லதான்மா கோளாறு. உள்ளுக்குள்ள அறுந்துருக்கு. மேல இருந்து வந்தா ஒட்டிக்கிடும், கீழ தொங்குனா விட்டுரும். நம்ம வீட்ல பிளக் பாயிண்டு தரையோட தரையா இருக்கு, அதான் நிக்கல. ரெண்டாந் தடவ போனப்பவே காந்திமதி சொல்லிட்டா. பிளக்க மாத்திப் பாத்தா, பேட்டரியக் கழட்டிப் பாத்தா, பெறவு ஒயர ஒவ்வொரு எடமா வளைச்சிப் பாத்துக் கண்டுபிடிச்சா."

என் மச்சினன் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமியார் விடவில்லை.

"அப்பமே தெரிஞ்சிருக்கில்லா? பெறவு எதுக்குல போன?"

நமசு தரையைப் பார்த்தான். ஆறுமுகம் அண்ணாச்சி காபி டம்ளருக்குள் பார்த்தார்.

"எனக்கு அந்தப் புள்ளயப் பிடிச்சிருக்கும்மா."

மாமியார் கத்தப் போகிறார் என்று நான் நினைத்தேன். கத்தவில்லை. முகம்தான் சுருங்கிப் போயிற்று.

"இத எங்கிட்ட சொல்லுததுக்கு என்னல? நான் என்ன ஒன்னியக் கடிச்சா தின்னுருவேன்? ஒரு அம்மைகிட்ட சொல்ல முடியாம, களக்காட்டுக்கும் இங்கனக்கும் பொட்டியத் தூக்கிட்டு அலஞ்சிருக்கியே..."

குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து ஆறுமுகம் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பொண்ணு என்ன சொல்லுதா?"

அவர் விழித்தார். "அவகிட்ட... நான் கேக்கலியே மதினி."

யார்தான் கேட்டோம்? எலெக்ட்ரிக் கடையில் கேட்டோம். உப்பையும் மிளகாயையும் கேட்டோம். ஸ்டெபிலைசரைக் கேட்டோம். ஜாதகத்தைக் கேட்டோம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

அன்றைக்கே எல்லாருமாகக் களக்காடு பஸ் ஏறினோம். இந்தத் தடவை லேப்டாப் வரவில்லை.

காந்திமதி வந்து நின்றாள். அழுதிருப்பாள் போல, இமை தடித்திருந்தது. மாமியார் சுற்றி வளைக்கவில்லை.

"நீ நல்லாப் பேசுவியே. பேசு. இவனக் கெட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா?"

"அதுக்கு முன்ன நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் காந்திமதி. நமசுவைப் பார்த்துக் கேட்டாள். "ஒயர்ல கோளாறுன்னு தெரிஞ்ச பெறவும் வந்தீங்க. நானும் வராதீங்கன்னு சொல்லல. வருவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன். ஆனா ஊர்ப் பேச்சு எனக்குல்லா வந்தது? ஸ்டாஃப் ரூம்ல நான் போனா எல்லாரும் பேச்ச நிப்பாட்டுதாவ. பிடிச்சிருக்குன்னு சொல்ல ஒங்களுக்கு இத்தன நாளா? நூறு தடவ ஒயர நோண்டுனீங்க, ஒரு தடவ வாயத் தொறந்திருக்கலாம்லா?"

போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். நமசு எழுந்து நின்றுவிட்டான்.

"தப்புதான்" என்றான். "பயம். நீங்க இல்லன்னு சொல்லிட்டா பெறவு வர முடியாதுல்லா... அதான்."

மாமியார் மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திடீரென்று கட்சி மாறினார்!

"நல்லாக் கேளுட்டி! இவன் அப்பாவும் இப்படித்தான். பசிச்சாக்கூட வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ, தட்டப் பாத்துக்கிட்டு இருப்பாவ. நானே கேட்டு நானே பதில் சொல்லிக் காலத்தத் தள்ளிட்டேன். எங்க வீட்டுக்குப் பேசுத ஆளுதான் வேணும்."

காந்திமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மொதல்ல அந்த ஒயரப் புதுசா வாங்கச் சொல்லுங்க அத்தை. அத நம்பி வேலை பாக்க முடியாது."

அறிவுரை யாருக்கும் காதில் விழவில்லை. 'அத்தை'தான் விழுந்தது. ஆறுமுகம் அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, பழம் கொண்டாறேன்" என்று தோட்டத்துப் பக்கம் ஓடினார்.

கல்யாணம் வைகாசியில். பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் சிங்கப்பூர் வருவேன் என்று காந்திமதி சொல்லிவிட்டாள். நமசு, அலமாரி மேல் டப்பாவை வைத்துக்கொண்டு புரோகிராமை முடித்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தான். நாற்காலி இருந்ததாம். புது ஒயரும் வாங்கிவிட்டானாம்.

நேற்று ராத்திரி போன் செய்தான். என்னிடம் என்னவோ கேட்க வேண்டும் போல. ஐஎஸ்டி பில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவனுக்கு வாய் வரவில்லை. மென்று விழுங்கிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

"அத்தான்... களக்காட்டுல கரண்டெல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா" என்றேன்.